தீவுக் குதிரைக்கு அயல்நாட்டில் அரிப்பு

ஐஸ்லாந்து தீவின் மட்டக்குதிரைகள் கோடையில் மலை மேய்ச்சலில் காட்டு விலங்குபோல் திரிபவை. சுமார் ஆயிரம் ஆண்டுகளாக வேற்றினக் குதிரை அங்கு சேர்க்கப்படவில்லை. வெளிநாடு சென்ற குதிரையும் திரும்ப முடியாது.

குளிரையும் அரைவயிற்றுத் தீனியையும் தாங்கும் இக்குதிரையை ஜெர்மனி, சுவீடன் நாட்டினர் விரும்பி வாங்குகின்றனர். ஆனால் போன இடத்தில் அதைத் தோல் அரிப்பு பற்றிக்கொள்கிறது. பிடரியையும் வாலடியையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும். காரணம் கியூலிகாய்ட்ஸ் என்னும் பொடிப்பூச்சி. தமிழ்நாட்டுச் செம்மறியாடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த இனமே. 2015-க்கு முன் ஐஸ்லாந்து இதன் கடியை அறியாது. குட்டியிலிருந்து கடிபட்டுப் பழகாத உடலுக்கு இப்பூச்சியின் உமிழ்நீர் ஒவ்வாமையாகிறது. பூச்சி மிகுந்த பகுதிகளில் இறக்குமதிக் குதிரைகளில் பாதிக்கும் மேல் இந்நோய்க்கு ஆளாகின்றன. அதே இனத்தில் அயல்நாட்டிலேயே பிறந்தவற்றுக்கு இது மிகக் குறைவு.

ஆகவே, வளர்ந்த குதிரைக்கு விமானக் கூலி கொடுப்பது வீண்செலவு. வாங்கும் நாட்டில் பிறந்த குட்டியே மேல். இறக்குமதி செய்தே தீரவேண்டுமானால், நீர் தேங்காத, காற்றோட்டமுள்ள மேய்ச்சல் நிலமும், உடல் மூடும் துணிப்போர்வையும், அந்திக்கு முன் அடைக்கக் கொட்டிலும் குதிரை வந்திறங்கும் முன்பே தயாராக இருக்கவேண்டும்.