கொல்லிமலையில குளிச்சியா?

டிசம்பர்ல என்.எஸ்.எஸ். கேம்ப் போறவங்க பேக்ல முதல்ல எடுத்து வைக்கிறது பாடி ஸ்ப்ரே. நானும் அப்படித்தான் போனேன். ஏழு நாள், கொல்லிமலை மேல ஒரு கிராமம், பள்ளிக்கூடத்துல தங்கல். 70 ஹேர்பின் வளைவு ஏறி முடிக்கிறதுக்குள்ளயே பாதிப் பேர் சட்டை மாத்த வேண்டியதாயிடுச்சு. காரணம் நீங்களே யூகிச்சுக்கோங்க.

நம்மளோடது சேலம், நாமக்கல் வெயில்ல பழகின உடம்பு. மலையில மார்கழிக் காலையில பைப் தண்ணியைத் தொட்டாலே விரல் மரத்துப் போகுது. மூணாவது நாளுக்கு மேல "குளிச்சியா?"ன்னு யாரும் யாரையும் கேக்கறதில்ல. என்னைக் கேட்டா, குளிக்காட்டி ஒண்ணும் குடி முழுகிடாது. அரை பக்கெட் வெந்நீர்ல துண்டை நனைச்சு அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு துடைச்சுட்டா போதும். ஆனா ஜட்டியும் சாக்ஸும் தினமும் மாத்தியே ஆகணும். கை கழுவாம பந்தியில உக்கார்றவனுக்கு மன்னிப்பே கிடையாது. எல்லாருக்கும் ஒரே அண்டா சமையல், ஒருத்தனுக்கு வயித்தால போனா கேம்ப்பே படுத்துடும்.

துவைக்கிறதை விடக் காய வைக்கிறதுதான் கஷ்டம். ராத்திரி கொடியில விட்டா பனி இறங்கி, காயறதுக்குப் பதிலா இன்னும் நனையும். வெயில் ஏறின பிறகு போட்டு, சாயங்காலம் இறங்குறதுக்குள்ள எடுத்துடணும். பிழிஞ்ச துணியைக் காஞ்ச துண்டுக்குள்ள சுருட்டி முறுக்கினா நிறைய ஈரம் துண்டுக்குப் போயிடும். ஜீன்ஸ் மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். எங்க டீம் பொண்ணுங்களுக்கு மறைவா ஒரு கொடிகூட இல்ல, உள்ளாடையை ஈரத்தோடயே பையில வச்சிருந்தாங்கன்னு கடைசி நாள்தான் தெரிஞ்சது. ப்ளானிங் மீட்டிங்ல பேனர் சைஸ் பத்தி மட்டும் அரை மணி நேரம் பேசியிருந்தோம்.

நாலாவது நாள் காலையில தூய்மை ஊர்வலம். மத்தியானம் நாங்க எட்டு பேர் ஓடைக்குப் போய், டிடர்ஜென்ட் கொட்டித் துவைச்சோம். நுரை மிதந்து போறதை ஒருத்தன் ரீல்ஸ் எடுத்தான். கீழ் வளைவுல ஒரு பாட்டி குடத்தோட நின்னுட்டிருந்தாங்க. திட்டல. "நுரை போகட்டும் சாமி"ன்னு சொல்லிட்டு ஒரு கல்லு மேல உக்காந்துட்டாங்க.

எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாங்கன்னு நான் பார்க்கல, அதுக்குள்ள வாளியைத் தூக்கிட்டு ஓடிட்டோம். இப்படிப்பட்ட ஓடைங்க சேர்ந்ததுதான் அய்யாறு. ஆகாய கங்கையில அதுதான் விழுது, புளியஞ்சோலைக்கு அதுதான் இறங்குது. நாம லீவுல போய் ஆட்டம் போடுற தண்ணி.

ஓடையில துவைக்கிறதை நாம நிறுத்தணும். பக்கெட்ல தண்ணி மொண்டு, கரையிலிருந்து 200 அடி தள்ளிப் போய்த் துவைச்சு, அழுக்குத் தண்ணியை மண்ணுல ஊத்துங்க. சோப்பைச் சிதைக்கிற நுண்ணுயிர்ங்க மண்ணுலதான் நிறைய இருக்கு. பாக்கெட்ல 'பயோ'ன்னு போட்டிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து கேம்ப் போற ஜூனியர்ஸ், உங்க லிஸ்ட்ல நாலு பக்கெட், ரெண்டு கொடிக்கயிறு, பொண்ணுங்க கொடிக்கு மறைப்பா ஒரு தார்ப்பாய் எழுதிக்கோங்க. மீதி இடம் இருந்தா பாடி ஸ்ப்ரே.