நுழைவுச்சீட்டுப் பணம் திரும்ப வேண்டாம்

காற்பந்து இரசிகன் யார் என்று கேட்டால், நம் வளாகத்தைச் சுற்றியுள்ள மாமாக் கடைகளில் ஆளுக்கொரு விடை கிடைக்கும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் அங்கே நாற்காலி கிடைப்பது அரிது. ஒரு மேசையில் மென்செஸ்டர் யுனைடெட், அடுத்த மேசையில் லிவர்பூல், நடுவில் தே தாரிக். இரு மேசைகளுக்கும் இடையே நடக்கும் சொற்போரைக் கேட்டால், இவர்களெல்லாம் இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர்களோ என்ற ஐயம் எழும்.

2023 மார்ச் 5-ஆம் நாள் லிவர்பூலின் அன்ஃபீல்டு அரங்கில் யுனைடெட் 0-7 எனத் தோற்றது. இங்கே அப்போது ஞாயிறு நள்ளிரவு கடந்துவிட்டது. இடைவேளையின்போது ஒரு கோல்தான் வித்தியாசம். பிற்பாதியில் ஆறு. நான்காவது கோலுக்குப் பிறகு கடையில் யுனைடெட் சட்டைகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. ஒருவருக்கு மறுநாள் விரிவுரை. இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. விளக்கு அணைவதற்குள் கைப்பேசிகளில் கேலிப் படங்கள் வந்து குவிந்துவிட்டன.

அதே நேரத்தில் அன்ஃபீல்டின் ஒரு மூலையில் மென்செஸ்டரிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். சீட்டு வாங்கி, பயணம் செய்து, எதிரணியின் பாட்டைக் காது வலிக்கக் கேட்டுக்கொண்டு இருந்தவர்கள். இக்கட்டுரை அவர்களைப் போன்றவர்களைப் பற்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அணி படுதோல்வி அடைவதை, அதுவும் எதிரணியின் அரங்கிற்கே சென்று, ஒரு முறையேனும் முழுமையாகப் பார்க்காதவரை நாம் அந்த அணியின் பார்வையாளர்கள்தான். இரசிகர் என்ற சொல்லை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இது கொஞ்சம் கடுமையான கருத்து என்பதை அறிவேன்.

இங்கிலாந்தில் இந்த வெளியூர் ஆட்டப் பயணம் ஒரு மரபாகவே நிலைத்துவிட்டது. பிரிமியர் லீக்கில் வருகை தரும் அணியின் இரசிகர்களுக்கு மூவாயிரம் இடம், சிறிய அரங்கமாயின் பத்து விழுக்காடு, ஒதுக்கப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்திலிருந்து வெளியூர்ச் சீட்டின் விலை 30 பவுனுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் வந்தது. அது தானாகக் கனிந்த கனியன்று. இரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கூட்டாகக் கேட்டுப் பெற்றது. எதிரணி இரசிகர் இல்லாத ஆட்டம் உப்பில்லாப் பண்டம் என்பது அங்குள்ள கழகங்களுக்கும் தெரியும்.

இப்படிச் செல்பவர்களுக்குப் படுதோல்வி நேர்ந்தால் என்ன செய்வது? 2009 நவம்பர் 22-இல் விகன் அணி இலண்டனுக்குச் சென்று டோட்டன்ஹாமிடம் 1-9 எனத் தோற்றது. அதிலும் இடைவேளை வரை 0-1தான். பிற்பாதியில் ஜெர்மெய்ன் டிஃபோ ஒருவரே ஐந்து கோல் அடித்தார். வெட்கம் தாங்காத விகன் ஆட்டக்காரர்கள், அன்று அரங்கிற்கு வந்த தம் இரசிகர்களின் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் தங்கள் கைப்பணத்திலிருந்து திருப்பித் தந்தார்கள். 2014 அக்டோபர் 18-இல் சண்டர்லாந்து அணி சவுத்தாம்டனில் 0-8 எனத் தோற்றபோதும் இதே கதை. சண்டர்லாந்து இங்கிலாந்தின் வடகிழக்கில், சவுத்தாம்டன் தென்கோடியில். போக ஐந்நூறு கிலோமீட்டர், வர ஐந்நூறு கிலோமீட்டர். காலம் வேடிக்கையானது. அன்று விகனுக்கு ஒன்பது கோல் போட்ட டோட்டன்ஹாம், 2023 ஏப்ரல் 23-இல் நியூகாசலுக்குப் போய் 1-6 எனத் தோற்றது. 21 நிமிடங்களுக்குள் ஐந்து கோல்! அவர்களும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இச்செய்திகளைப் படிக்கும்போது நம்மவர்கள் “பெருந்தன்மை” என்று பாராட்டுவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டக்காரர்களின் எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் பணத்தைத் திருப்பித் தருவது, பழுதான மின்விசிறியைக் கடையில் கொடுத்துவிட்டு வருவது போன்றது. “நீ வாங்கிய பொருள் சரியில்லை, இந்தா பணம்” என்கிறது அச்செயல். அந்த மனிதர் பொருள் வாங்க வந்தவரா? வெற்றிதான் பொருளென்றால் எதிர் அணிக்குச் சீட்டு வாங்கியிருப்பாரே! என்னைக் கேட்டால், ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக உடைமாற்றும் அறைக்கு ஓடாமல், தம் இரசிகர்கள் நிற்கும் மூலைக்கு நடந்து வந்து, ஏச்சோ கைத்தட்டலோ கிடைப்பதை நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. ஆனால் அதுதான் கடினம்.

இதை ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாநில அணியின் இரசிகர்களோடு இஸ்கண்டார் புத்ரியிலுள்ள சுல்தான் இப்ராகிம் அரங்கிற்குச் சென்றிருந்தேன். ஜொகூர் டாருல் தக்சிம் 2014 முதல் ஆண்டுதோறும் லீக் வெற்றியாளராக வந்துகொண்டிருக்கும் அணி. அங்கே போய் வெல்வோம் என்று எங்கள் பேருந்தில் எவரும் நம்பவில்லை. “மூன்றுக்குள் முடிந்தால் வெற்றிதான்” என்றார் முன்னிருக்கையில் இருந்த மலாய்ப் பெரியவர். பாகோ ஓய்விடத்தில் நாசி லெமாக் பொட்டலங்களை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தவரும் அவரே. மேளத்தைத் தம் மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு வந்தார்.

0-5. மூன்றாவது கோல் வரை மேளம் அடித்தோம். நான்காவது விழுந்ததும் ஒரு சிறு அமைதி. பிறகு யாரோ ஓர் இளைஞன் உரக்கப் பாடத் தொடங்க, முன்னைவிடப் பெருங்குரலில் எல்லாரும் பாடினோம். தோல்வி உறுதியான பிறகு பாடும் பாட்டில் ஒரு விடுதலை இருக்கிறது. இனி இழக்க ஒன்றுமில்லை அல்லவா? எழுந்துபோகவும் முடியாது. உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை காவலர்கள் எங்களை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். மாமாக் கடையில் கிடைக்கும் வசதி அரங்கில் இல்லை.

அன்று நான் கவனித்தது வேறொன்று. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அமரும் அரங்கில் நாங்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். சிறுபான்மையாக இருப்பதில் நமக்கு நல்ல அனுபவம் உண்டு. அன்று அந்த அனுபவம் எங்கள் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கிடைத்தது! சொந்த ஊர் அரங்கில் மலாய் நண்பர்கள் ஒரு புறமும் நாம் ஒரு புறமும் உட்காருவதுதான் வழக்கம். அந்த மூலையில் அப்படி உட்கார இடமுமில்லை, மனமுமில்லை. தோளில் கைபோட்டு நின்றவர் யார் பெற்ற பிள்ளை என்று எவரும் பார்க்கவில்லை. ஒற்றுமையைப் பற்றி நம் நாட்டில் நடந்த கருத்தரங்குகளுக்குக் கணக்கில்லை. ஐந்து கோல் வாங்கிய அந்த மூலைக்கு அவை ஈடாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தேசிய அணிக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டு சுசூகி கிண்ணப் போட்டியை மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 1-ஆம் நாள் ஜாகர்த்தாவின் கெலோரா பூங் கார்னோ அரங்கில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. பயிற்றுநர் நம் கே. ராஜகோபால், அணியில் குணாளன், குருசாமி ஆகியோரும் இருந்தனர். அதே மலேசியா இறுதியாட்டத்திற்குச் சென்று, டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றது. மூன்று நாள் கழித்து மீண்டும் ஜாகர்த்தா. அங்கே 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என முந்தி முதல் முறையாகக் கிண்ணத்தை ஏந்தியது. டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அந்த விடுமுறையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கணக்கைக் கவனியுங்கள்: அந்த மாதம் இரண்டு முறை ஜாகர்த்தா சென்ற மலேசிய இரசிகர் ஒருவர் இருந்திருந்தால், அவர் இரண்டு முறையும் தம் அணி தோற்பதைத்தான் பார்த்திருப்பார். இரண்டாம் தோல்வியின் இனிப்பு அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் உங்களுக்கும் தெரியாது.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு கேள்வி. 1994 டிசம்பர் 17-இல் ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4-0 என வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி அகமது ஒன்று. பாலத்தைக் கடந்து வந்த ஆயிரக்கணக்கானோரைப் பற்றியும் சொல்வார்கள். அன்று குவாந்தானிலிருந்து, கிழக்குக்கரை விரைவுச்சாலை இல்லாத அந்நாளில், மலைச்சாலை வழியே வந்து நான்கு கோல்களைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பியவர்களைப் பற்றி யாராவது கேட்டதுண்டா?

தோல்வியைத் தாங்குவதென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று பொருளன்று. 2015 ஜூன் மாதம் புக்கிட் ஜாலிலில் பாலஸ்தீனத்திடம் 0-6. செப்டம்பர் 3-இல் அபு தாபியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10. பயிற்றுநர் டோல்லா சாலே பதவி விலகினார். ஐந்தே நாளில் ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டம். 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது திடலுக்குள் தீப்பந்தங்கள் வீசப்பட்டு, ஆட்டம் இறுதி நிமிடங்களில் கைவிடப்பட்டது. பின்னர் 0-3 தோல்வியாக அறிவிக்கப்பட்டது. இரசிகர்களின் சினத்தில் நியாயம் இருந்தது. காற்பந்து நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இருந்தன. ஆனால் தீப்பந்தம் நிர்வாகத்தின் நாற்காலியில் விழவில்லை. பத்துக் கோல் வாங்கிய ஐந்தாம் நாள், பலம் வாய்ந்த சவூதியோடு ஒரு கோல் வித்தியாசத்தில் போராடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களின் காலடியில்தான் விழுந்தது. பதாகை பிடிக்கலாம், அரங்கைப் புறக்கணிக்கலாம், முதுகைக் காட்டி நிற்கலாம். ஆட்டத்தைக் கொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

“படிக்கிற பிள்ளைக்கு எதுக்குய்யா இந்த அலைச்சல்?” என்று நம் அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்விக் கடனில் படிப்பவர்கள் நம்மில் பலர். வார நாள் இரவு ஆட்டமென்றால் மறுநாள் காலை விரிவுரையில் தலை தொங்கும். சரவாக், சபாவென்றால் விமானச் செலவு; அதை நானும் பரிந்துரைக்கமாட்டேன். பெண் பிள்ளைகள் நள்ளிரவில் பயணம் செய்வதைப் பற்றிய கவலையும் உண்டு. ஆனால் குழுவாகப் பேருந்தில் சென்று குழுவாகத் திரும்புவதில் அக்கவலை பெரிதும் குறையும். இந்தத் தடைகளையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு ஒருவர் வரவில்லை என்றால் அதில் தவறில்லை. “தோற்கும் அணியை எவன் போய்ப் பார்ப்பான்?” என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத காரணம்.

ஏனெனில் அந்தக் காரணத்திற்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி அடிமட்ட லீக்கிலிருந்து மேலேறி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. அதன் வழிவந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடியது. நம் இளைஞர்கள் பலருக்கு வாய்ப்புத் தந்த அணி. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. விலகியதற்குப் பணமும் நிர்வாகமும் எனப் பல காரணங்கள் உண்டு. நாற்காலிகள் நிரம்பியிருந்தால் மட்டும் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிளானா ஜெயா அரங்கில் அவ்வணியின் ஆட்டங்களுக்குச் சென்றபோது, எதிரணி இரசிகர்களின் மேளம்தான் உரக்கக் கேட்டது. சொந்த அரங்கிலேயே நம் அணி வெளியூர் அணியைப் போல ஆடிக்கொண்டிருந்தது. அணி கலைந்த செய்தி வந்தபோது சமூக ஊடகங்களில் இரங்கல் தெரிவித்த பெயர்களில் பாதியளவு அந்த நாற்காலிகளில் இருந்திருந்தால்!

ஆகவே நம் மொழிக் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் நாடக விழாவுக்கும் பேருந்து எடுக்கிறோம். பருவத்திற்கு ஒரு முறை ஒரு வெளியூர் ஆட்டத்திற்கும் எடுப்போம். உறுப்பினர்களிலேயே ஆறேழு மாநிலத்தவர் இருப்பதால் எந்த அணியைத் தேர்வது என்பதில் சண்டை வரும். சீட்டுக் குலுக்கிப் போடலாம். பட்டியலில் கீழே இருக்கும் அணியாகப் பார்த்துப் போவது நல்லது, சீட்டும் எளிதில் கிடைக்கும். மழைச் சட்டை கட்டாயம். இரவு உணவை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆட்டம் முடிந்து காவலர்கள் வெளியே விடுவதற்குள் அரங்கைச் சுற்றியுள்ள கடைகளில் எல்லாம் தீர்ந்திருக்கும்.