பொட்டல் என்று எழுதாதீர்கள்

ஓய்வுபெற்றதும் பிள்ளைகளிடம் அமெரிக்கா போய், கணவன் மனைவியாகத் தேசியப் பூங்காக்களில் நடந்து படம் போடும் என் வயது நண்பர்களே, தாராளமாகப் போங்கள். ஆனால் டெத் வேலி படத்துக்குக் கீழே, "நம்ம அருப்புக்கோட்டைப் பக்கம் என்ன இருக்கு, வெறும் பொட்டல்" என்று எழுதாதீர்கள்.

டெத் வேலியில் மட்டும் என்ன இருக்கிறது? உப்புத்தரை, மணல்மேடு, மொட்டைப்பாறை. ஆண்டுக்கு 5 செ.மீ. மழை. அதைத்தான் 1994இல் தேசியப் பூங்காவாக்கிக் காசு வாங்கிக் காட்டுகிறார்கள். ஒரு கல்லை எடுக்க விடமாட்டார்கள். நீங்களும் பயந்து எடுக்கவில்லை. (அங்கேயே வாழ்ந்த டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்குக் கொஞ்சம் நிலம் திரும்பக் கிடைக்க 2000 ஆனது. அந்த லட்சணத்தையும் எழுதுங்கள்.)

நமக்குச் சுமார் 80 செ.மீ. பெய்கிறது. பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் இந்தத் தென்தமிழகக் கரிசலுக்கு வருகின்றன. அந்தப் பக்கம் வல்லநாட்டில் வெளிமான் மேய்கிறது. அரசின் தரிசுநில வரைபடத்திலோ புதர்க்காடும் தரிசுதான்! தரிசு என்று பெயர் வைத்துவிட்டால், தோண்டினாலும் குப்பை கொட்டினாலும் கேட்க ஆளில்லை. திருச்சுழி குண்டாற்றைப் பாருங்கள்: சீமைக்கருவேலமும் பாலித்தீன் பையும். நாம் படித்தவர்களே பொட்டல் என்றால் கொட்டுகிறவன் ஏன் தயங்குவான்?

டிசம்பரில் ஊருக்கு வரும்போது அந்த விலையுயர்ந்த ஷூவையும் கொண்டுவாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் குண்டாற்றங்கரையில் நடப்போம். பாட்டில் பொறுக்க ஆளுக்கொரு சாக்கு நான் தருகிறேன்.