டிரான்சிஸ்டர்மேல் பழி போடாதீர்கள்!

இராஜபாளையத்தில் இருக்கும் நீங்களும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் உங்கள் நண்பரும் ஒரே கடையில் ஆளுக்கொரு பி.சி.547பி டிரான்சிஸ்டர் வாங்கி, ஒரே படத்தைப் பார்த்து மைக்குக்கான பெருக்கிச் சுற்று அமைப்பதாகக் கொள்வோம். உங்களுடையது தெளிவாக ஒலிக்கிறது. நண்பருடையதோ கரகரக்கிறது. "டிரான்சிஸ்டர் டூப்ளிகேட்" என்கிறார் ஒருவர். "உனக்குக் கைராசி இல்லை" என்கிறார் இன்னொருவர். இப்படிக் கேட்டே சாமான்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிற மாணவர்கள் உண்டு. குற்றம் படத்தில்தான் இருக்கிறது என்பதே என் கருத்து.

பல செய்முறைப் படங்களில் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து அடிவாய்க்கு ஒரேயொரு மின்தடைதான் இருக்கும். ஏறத்தாழ 17 இலட்சம் ஓம் போட்டால் 5 மைக்ரோ ஆம்பியர் பாயும். உங்கள் டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் 200 என்றால் ஏற்பான் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். ஏற்பானில் உள்ள 4.7 கிலோ ஓம் தடையில் 4.7 வோல்ட் இறங்க, மீதி 4.3 வோல்ட் நிற்கும். சைகை மேலும் கீழும் ஊசலாட நல்ல இடம். நண்பருடையதன் பெருக்கம் 400. அதற்கு 2 மில்லி ஆம்பியர், 9.4 வோல்ட் இறங்க வேண்டும், இருப்பதோ 9! ஏற்பான் சுழியருகே போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் நல்ல சரக்குதான். 'பி' பிரிவுக்குத் தயாரிப்பாளர் தரும் எல்லையே 200 முதல் 450 வரை.

பிரிசெட் வைத்துத் திருகலாமே என்பீர்கள். திருகலாம். டிரான்சிஸ்டரை மாற்றினால் மறுபடி திருக வேண்டும். சித்திரை வெயிலில் பெருக்கம் கூடும். அப்போதும் திருக வேண்டும்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர் கடிகாரத்தைப் பார்த்தா இறக்குகிறார்? பதம் பார்த்தல்லவா இறக்குகிறார்! சுற்றுக்கும் பதம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். உமிழ்ப்பானில் 1 கிலோ ஓம் போடுங்கள். அடிவாய்க்கு மேலே 47, கீழே 10 கிலோ ஓம் வைத்தால் அங்கே 1.6 வோல்ட் அளவில் நிலைக்கும். மின்னோட்டம் கூடினால் உமிழ்ப்பான் அழுத்தம் உயரும். அடிவாய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு குறையும். மின்னோட்டம் தானே அடங்கும். பெருக்கம் 200 ஆனாலும் 400 ஆனாலும் கிடைப்பது 0.95 மில்லி ஆம்பியரை ஒட்டியே இருக்கும்.

இதற்கு விலை உண்டு. ஒலிப்பெருக்கம் ஐந்து மடங்குக்கும் கீழே போய்விடும். உமிழ்ப்பான் தடைக்கு இணையாக 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வைத்தால் அது மீளும். கூடுதல் செலவு சில ரூபாய்தான். செய்முறை நூல்கள் முதல் படமாகவே இதைத் தரவேண்டும் என்பேன்.

ஐயமிருந்தால் இரண்டு சுற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சூடான சால்டரிங் அயர்னை டிரான்சிஸ்டர்களின் அருகே, தொடாமல், பிடியுங்கள். இரண்டு ஏற்பான்களிலும் மீட்டர் முள் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.