நான்கு ஓரங்கள்

நுழையும்முன்

காட்சியைக் காண்பது ஒரு திறன். கண்டதைப் பிறரும் காணுமாறு அமைப்பது மற்றொரு திறன். கேமராவின் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். எதைப் படத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று தீர்மானிக்கவோ பயிற்சியும் பொறுப்பும் வேண்டும். அப்பயிற்சிக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் குன்றுகளும் கற்றளிகளும் தக்க களமாக அமைந்துள்ளன.

மாட்டுவண்டியிலிருந்து சட்டைப்பைக்கு

1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி புதுக்கோட்டைக்கு வந்தார். சென்னை மாகாண அரசு அவரை ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியிருந்தது. பெரிய கேமராவும் வேதிப்பொருள்களும் மாட்டுவண்டிகளில் ஏற்றிவரப்பட்டன. மெழுகூட்டிய தாளில் ஒரு காட்சி பதிவாவதற்கே நெடுநேரம் பிடித்தது. எனவே, எங்கே நிற்பது, எந்த ஒளியில் எடுப்பது என்பதை அவர் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அவர் எடுத்த புதுக்கோட்டைக் காட்சிகள் அதே ஆண்டில் தனித்தொகுப்பாக வெளிவந்தன.

இன்று அக்கலை சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. கையடக்கக் கேமராவில் ஒரே நாளில் முந்நூறு படங்கள் எடுக்கலாம். அதற்குத் தனிச்செலவும் இல்லை. கற்கத் தொடங்குவோருக்கு இந்த எளிமையே தடையாகிறது. முந்நூறில் ஒன்று தற்செயலாக நன்கு அமைந்தால், அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை எடுத்தவரே அறியமாட்டார். ஆகவே, ஒரு நாளைக்குப் பத்துப் படங்கள் மட்டுமே என்று தமக்குத்தாமே வரம்பு கட்டிக்கொள்வது நல்ல தொடக்கமாகும்.

குறைபாடே ஆசான்

விலையுயர்ந்த கேமரா இருந்தால் படம் தானே சிறக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். கற்கும் காலத்தில் எளிய கேமராவே மிகுதியாகக் கற்பிக்கும் என்பதே உண்மை. கையடக்கக் கேமராவின் ஒளியுணரி மிகச் சிறியது. ஆதலால், அது பின்னணியை எளிதில் மங்கச்செய்யாது. சிற்பமும் அதன் பின்னே நிற்கும் மின்கம்பமும் ஏறத்தாழ ஒரே தெளிவுடன் பதிவாகும். மின்கம்பத்தை விலக்க வேண்டுமாயின், எடுப்பவர் இரண்டடி நகர வேண்டும். அல்லது தாழ அமர்ந்து கோணத்தை மாற்ற வேண்டும். அவ்வாறே, கோவிலை நெருங்கி நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், விமானம் பின்னோக்கிச் சாய்வதுபோலத் தோன்றும். விலகி நின்று கேமராவைச் சாய்க்காமல் எடுத்தால் நிமிர்ந்து தோன்றும். காட்சியமைப்பின் முதற்பாடத்தைக் கற்பவை கால்களே.

அடுத்த பாடம் காத்திருத்தல். நார்த்தாமலையின் பாறைச் சரிவில் நிற்கும் விசயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கிய கோவில். காலையில் சென்றால் முகப்பு நிழலில் ஆழ்ந்திருக்கும். வெயில் மேற்கே சாயச்சாய, வாயிற்காவலர் சிற்பங்கள் ஒளிபெற்று எழும். எந்தப் பொத்தானும் அளிக்காத அந்த ஒளி, காத்திருப்பவருக்கு மட்டுமே வாய்க்கிறது.

சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பகுத்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் முதன்மைப் பொருளை வைக்குமாறு ஒரு விதி உண்டு. பல கேமராக்கள் அக்கோடுகளைத் திரையிலேயே காட்டுகின்றன. விதி பயனுடையதுதான், எனினும், எப்பொருள் முதன்மையானது என்பதை அது சொல்லாது. அதை எடுப்பவர்தாம் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது அடித்தளம்

அத்தீர்மானம் எத்துணைக் கடினமானது என்பதைக் கொடும்பாளூர் மூவர் கோவில் உணர்த்தும். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி, தம் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் ஒரே வரிசையில் மூன்று விமானங்கள் எழுப்பியதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இன்று இரண்டு விமானங்களே முழுமையாக நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

அங்கே கேமராவுடன் நிற்பவருக்கு இரு வழிகள் உள்ளன. நிற்கும் இரண்டு விமானங்களை மட்டும் சட்டகத்துக்குள் அடக்கினால், படம் சமநிலையுடன் அழகாக அமையும். வெற்று அடித்தளத்தையும் சேர்த்தால் அந்தச் சமநிலை குலையும். படத்தின் ஒருபுறம் வெறுமையாகத் தோன்றும். ஆயினும், அந்த வெறுமையே கோவிலின் பெயருக்கும் அதன் இழப்புக்கும் சான்று. முதற்படத்தைக் காண்பவர் அதை இரட்டைக் கோவில் என்றே எண்ணுவார். இரண்டாவது படமோ, “மூன்றாவது எங்கே?” என்று அவரைக் கேட்கவைக்கும்.

ஒளிப்படம் அழகுக்கு உரியது. வரலாறு உரைப்பது அதன் வேலையன்று என்று சிலர் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு சிற்பத்தின் முகத்தை மட்டும் அண்மையில் எடுப்பது பொய்யாகாது. குப்பைத்தொட்டியை விலக்கிக் கோவிலை எடுப்பதும் பிழையாகாது. விலக்கல் இன்றிக் காட்சியமைப்பே இல்லை. ஆனால், தெளிவுக்காக விலக்குவது வேறு; பொருளே மாறுமாறு விலக்குவது வேறு. குப்பைத்தொட்டியை நீக்கினால் கோவில் கோவிலாகவே இருக்கும். மூன்றாவது அடித்தளத்தை நீக்கி, இதுவே கோவிலின் முழுத்தோற்றம் என்று காட்டினால், மூவர் கோவில் வேறொன்றாகிவிடும்.

இப்பொறுப்பு கற்களோடு முடிவதன்று. வறண்ட கண்மாயை மட்டும் எடுத்துவிட்டு, அதன் கரையடுத்த பச்சை வயலை விட்டுவிட்டால், ஓர் ஊரைப் பற்றிய தவறான எண்ணம் உருவாகலாம். வயலில் உழைப்பவரைப் படமெடுக்குமுன் அவரது இசைவைக் கேட்பதும் காட்சியமைப்பின் ஒரு பகுதியே.

டிரைப் வந்த காலத்தில், புதுக்கோட்டையின் எக்காட்சி உலகுக்குச் செல்ல வேண்டும் என்பதை வெளியிலிருந்து வந்த ஒருவர் தீர்மானித்தார். இன்று அவ்வாய்ப்பு இம்மாவட்டத்து மாணவர்களின் கையிலேயே உள்ளது. அவர்கள் பொத்தானை அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை நோக்கி, வெளியே நிற்பது எது என்று தம்மைத்தாமே வினவிக்கொள்வார்களாயின், எளிய கேமராவும் நேர்மையான சாட்சியாகும்.