வண்டிக்கு 5%, சார்ஜுக்கு 18%! இது என்ன கணக்கு?

தோழர்களே,

போன வாரம் ராத்திரி 9 மணி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில இருந்து அம்மாவைக் கூட்டிட்டு சங்கரன்கோவிலுக்கு வர்றோம். மாமாவோட எலக்ட்ரிக் கார். பேட்டரி 10%க்கும் கீழ. வழியில ஒரு சார்ஜிங் நிலையம். கன்னை மாட்டினா ஸ்கிரீன்ல 'எர்த் ஃபால்ட்'. பக்கத்து மெஷின் ஆப்ல பச்சை, நேர்ல பார்த்தா ஸ்கிரீனே கறுப்பு. உதவி எண்ணுக்கு அடிச்சா இந்தியில பதில்!

கடைசியில ஒரு டீக்கடை அண்ணாச்சிதான் 16 ஆம்ப்ஸ் பிளக் கொடுத்தாரு. ரெண்டு மணி நேரத்துல 6 யூனிட் ஏறுச்சு. வீடு வந்து சேர்ந்தோம்.

'எர்த் ஃபால்ட்' காட்டி மெஷின் நின்னது தப்பில்ல. கரண்ட் கசிஞ்சாலோ எர்த்திங் சரியில்லைனாலோ அது நிக்கத்தான் வேணும், அது நம்ம உயிருக்கான பாதுகாப்பு. தப்பு எங்கன்னா, எர்த் குழி காய்ஞ்சிருக்கா, கனெக்‌ஷன் லூசா இருக்கானு பார்க்க ஒரு ஆள் வராததுதான்.

2023 மார்ச்ல ஃபேம்-2 திட்டத்துல 7,432 நிலையங்களுக்கு 800 கோடி ஒதுக்கினாங்க. 2024ல வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்துல சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி. எத்தனை வெச்சோம்னு மார்தட்டுற ஒன்றிய அரசே, இன்னிக்கு அதுல எத்தனை ஓடுது?

பிரிட்டன்ல 2024 நவம்பர்ல இருந்து, ஒரு நிறுவனத்தோட வேக சார்ஜர்கள் வருஷ சராசரியா 99% நேரம் வேலை செய்யணும்னு சட்டம். இல்லைனா அபராதம். 24 மணி நேர இலவச உதவி எண்ணும் கட்டாயம்.

இங்க? கார் வாங்க ஜிஎஸ்டி 5%. பொது நிலையத்துல சார்ஜ் போட 18%. சொந்த வீட்டுல ஷெட் வெச்சிருக்கிறவருக்கு வீட்டுக் கரண்டுக்கு ஜிஎஸ்டியே இல்ல. வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு நிலையத்தையே நம்புற டாக்சி டிரைவர் தலையில 18%!

"வண்டி கம்மி, லாபம் இல்ல, அதான் பராமரிப்பு இல்ல"ம்பாங்க. சார்ஜரை நம்ப முடியலைனா வண்டி எப்படிய்யா கூடும்? ஊரைச் சுத்தி காத்தாடி சுத்துது, கரண்ட் இங்கேயே பிறக்குது. நம்ம காருக்கு மட்டும் டீக்கடை பிளக்கா?

நம்ம கோரிக்கை மூணு:
1. ஓடுற நேரத்தைப் பார்த்து மானியம் கொடு. ஓடலைனா அபராதம் போடு.
2. 24 மணி நேரமும் தமிழ்ல பேசுற உதவி எண் வை.
3. சார்ஜிங் ஜிஎஸ்டியை 5% ஆக்கு.

தோழர்களே, சார்ஜர் வேலை செய்யலைனா சும்மா திரும்பி வராதீங்க. சார்ஜர் எண், எரர் ஸ்கிரீன், தேதி, நேரம் நாலையும் போட்டோ எடுத்து இங்க போடுங்க. கணக்கு அவங்க கொடுக்கலைனா நாம கொடுப்போம்!

#ஓடாத_சார்ஜருக்கு_எதுக்கு_மானியம்