வீட்டை விட்டு ஓடிய விளையாட்டு

மாலை ஏழு மணி. அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் நான்கு வயதுச் சிறுவன் மேசைமுன் அமர்த்தப்பட்டிருக்கிறான். அவன் எதிரே பயிற்சிநூல் விரிந்து கிடக்கிறது. புள்ளிகளை இணைத்து ‘அ’ என்னும் எழுத்தை இருபது முறை அவன் எழுதியாக வேண்டும். எழுதி முடித்தால்தான் கைப்பேசி கிடைக்கும். அடுக்களையில் தாய் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். “அம்மா என்ன செய்கிறாள்?” என்று அச்சிறுவனைத் தமிழில் கேட்டால் விழிக்கிறான். ‘அ’ என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘துருவுதல்’ என்னும் சொல் தெரியவில்லை. எழுத்து உண்டு, மொழி இல்லை!

சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இன்று காணக்கூடிய காட்சி இது. பிள்ளைக்குத் தமிழ் வரவேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் பெற்றோரின் இல்லங்களிலேயே இக்காட்சி மிகுதி என்பதுதான் வேதனை. தமிழைப் புறக்கணிப்போரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தமிழை விரும்பிக்கொண்டே அதன் வேரில் வெந்நீர் ஊற்றுவோரைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறுவது என்ன? ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசியோர் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு 3.3 பேர். 2020ஆம் ஆண்டில் அது 2.5 ஆகக் குறைந்தது. அதே பத்தாண்டுகளில் ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டிற்கு உயர்ந்தனர். தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்ட பிறகு, பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கிறது. பாடமாக நிற்கும் மொழிக்கு உயிர் ஊட்ட வேண்டிய இடம் வீடு. அந்த வீடும் இன்னொரு வகுப்பறையாக மாறிவிட்டால் அம்மொழி எங்கே போய் மூச்சு விடும்?

விளையாட்டு கல்விக்குப் பகையா?

“விளையாட்டுப் புத்தியை விட்டுவிட்டுப் படி” என்பது இல்லந்தோறும் ஒலிக்கும் அறிவுரை. விளையாட்டு ஒருபுறம், படிப்பு மறுபுறம் என்று பிரித்து வைத்த இந்த எண்ணமே முதற் குற்றவாளி.

ஜெர்மானிய நாட்டு ஃபிரோபெல் 1837ஆம் ஆண்டில் சிறார்க்கென ஒரு நிலையம் தொடங்கி, விளையாட்டையே பாடமாக வைத்தார். உரோமாபுரியில் மரியா மாண்டிசோரி 1907இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சொரசொரப்பான மணல்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி உணர்ந்தார்கள். எழுதுகோலைப் பிடிக்குமுன் விரலே எழுத்தை அறிந்துகொண்டது. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது வரலாறு. ஆனால் விரலால் எழுத்தை அறிவது தமிழருக்குப் புதியதா? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் எழுதியே கற்றார்கள். விசயதசமி நாளில் தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது, பொருள் அறியா மனனமும் இருந்தது. அவற்றை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான். மேல்நாட்டுப் பெயர் சூட்டி, மரப்பெட்டியில் அடைத்து, உயர்ந்த விலைக்கு விற்றால் போற்றப்படும் அதே முறை, அடுக்களை அரிசியில் நடந்தால் மட்டும் ஏன் இழிவாகிறது? விசயதசமியன்று அரிசியில் எழுதுவித்து நிழற்படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே பயிற்சிநூலை நீட்டுவது ஏன்? பிள்ளை மகிழ்ந்த ஒருநாள் முறையைச் சடங்காக்கிவிட்டு, பிள்ளை வெறுக்கும் முறையை அன்றாடமாக்கியது யார் செய்த பிழை?

அடுக்களையும் மின்தூக்கியும்

வீட்டில் கற்பிக்கக் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும், பணம் வேண்டும் என்பது இரண்டாவது மயக்கம். ஒரு வீட்டில் அன்றாடம் இருக்கும் பொருள்களைக் கணக்கெடுத்தாலே இம்மயக்கம் தெளியும்.

துவரை, உளுந்து, பயறு, கடலை ஆகிய நான்கையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, பிரித்து வைக்கச் சொன்னால் பிள்ளை அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்கும். நிறத்தையும் வடிவையும் கண்டு இனம் பிரித்தல் கணிதத்தின் முதற்படி. எழுதுகோல் பிடிக்க வேண்டிய விரல்களுக்கும் அது பயிற்சி. அதோடு நான்கு தமிழ்ப் பெயர்களும் நாவில் ஏறும். அடுக்களை தரும் வினைச்சொற்களோ எண்ணில் அடங்கா. தேங்காயைத் துருவுகிறோம், வெங்காயத்தை உரிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், காயை நறுக்குகிறோம், மாவைச் சலிக்கிறோம், அரிசியைக் களைகிறோம். இவ்வினைகளைப் படம் போட்டுக் காட்டும் பயிற்சித்தாளால், கையில் பிசுபிசுக்கும் மாவைக் காட்ட முடியுமா?

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோர் இன்று அருகிவிட்டனர். பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து வீதம் இட்டால் எழுபது முத்துகள். ஒரு குழியிலிருந்து அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்போது, எண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பிள்ளையின் விரலுக்கே புரிந்துவிடுகிறது. நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் வழக்கில், எந்தக் குழியில் எப்போது நான்கு சேரும் என்று முன்கூட்டியே கணக்கிடவும் பழகுகிறது. அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளையிடம் இதற்கு உறவான சொங்காக் இருக்கிறது. இருவரும் ஒரு பலகைமுன் அமர்ந்தால் கணிதமும் வளரும், அண்டை அயலாரின் உறவும் வளரும். பலகை இல்லையென்றால் முட்டை அடுக்கும் அட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

இந்நாட்டு அடுக்குமாடி வாழ்க்கைக்கே உரிய கருவி ஒன்றும் உண்டு. அதுதான் மின்தூக்கி. பத்தாம் மாடியில் குடியிருக்கும் பிள்ளை நாள்தோறும் அதில் ஏறி இறங்குகிறது. ஏறும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்றும், இறங்கும்போது பத்து, ஒன்பது, எட்டு என்றும் தமிழில் சொல்லச் செய்ய எத்தனை விநாடி ஆகும்? செலவு காசுமில்லை.

இனி ஒலிப்புக்கு வருவோம். லகர ளகர ழகர வேறுபாடு பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று தமிழாசிரியர் குறைபடாத கூட்டமே இல்லை. பெற்றோர் ‘புளி’ என்றால் பிள்ளை மேசைமேல் உள்ள புளி உருண்டையைத் தொட வேண்டும், ‘புலி’ என்றால் உறும வேண்டும் என்று விதி வைத்து ஆடினால், தவறாகக் கேட்ட பிள்ளை தானே சிரிக்கும், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். பிறகு பெற்றோர் உறும, பிள்ளை சொல்ல வேண்டும். சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட தாள் இதைச் செய்யுமா?

சொற்றொடர் விளையாட்டில் இலக்கணமே ஒளிந்திருக்கிறது. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். ‘பாப்பா’ என்றால் ‘பாய்’ வரலாம், ‘தாத்தா’ என்றால் ‘தாமரை’ வரலாம். ‘வாழை’ என்றால் ஆட்டம் நின்றுவிடுகிறது. ‘பனி’ என்றாலும் நின்றுவிடுகிறது. ‘நிலா’ என்றால் பிள்ளை ‘லாரி’ என்று பிறமொழிச் சொல்லைத்தான் எடுக்க நேரும். ழகரமும் னகரமும் சொல்லுக்கு முதலாகா என்பதும், லகரம் முதலாக வருவது பிறமொழிச் சொல்லே என்பதும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். பின்னாளில் உயர்நிலைப்பள்ளியில் மொழி முதல் எழுத்துகளைப் பற்றிப் பாடம் நடக்கும்போது, அப்பிள்ளை அதைப் பழைய தோழனைப் போல் அடையாளம் கண்டுகொள்ளும்.

மறுப்புகளும் விடைகளும்

“தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள், நேரம் ஏது?” என்பது முதல் மறுப்பு. உண்மையே. பகலெல்லாம் பிள்ளை தமிழறியாத பணிப்பெண்ணோடு இருக்கும் வீடுகளும் உண்டு. ஆனால் மேற்கூறிய விளையாட்டுகளில் எதற்குத் தனி நேரம் வேண்டும்? சமைக்கும் நேரமே சமையல் விளையாட்டின் நேரம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே சொல் விளையாட்டின் நேரம். பயிற்சிநூலின் முன் பிள்ளையை அமர்த்தி, மிரட்டி, அழவைத்து, பிறகு அழுகையை அமர்த்தும் நேரத்தில் பாதிகூட இதற்குத் தேவைப்படாது.

“வீட்டில் பேசுவது கொச்சைத் தமிழ். அதில் விளையாடினால் செந்தமிழ் கெடும்” என்பது கற்றோர் சிலரின் மறுப்பு. இதைத் தமிழாசிரியரே சொல்லும்போதுதான் நெஞ்சு வலிக்கிறது. பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டது. ‘தேங்கா’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் ‘தேங்காய்’ என்று எழுதக் கற்பிக்க ஒருநாள் போதும். இரண்டையும் அறியாத பிள்ளைக்குக் கற்பிக்க ஆண்டுகள் வேண்டும். பேச்சைப் பழித்து எழுத்தை வளர்க்க நினைப்பது, அடிமரத்தை வெட்டிவிட்டுக் கனிக்குக் காத்திருப்பதாகும்.

“தேர்வு இருக்கிறதே!” என்பது மூன்றாவது மறுப்பு. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வுகளை 2019 முதல் கல்வி அமைச்சு நீக்கிவிட்டது. 2014இல் தோன்றிய அமைச்சின் பாலர்பள்ளிகளும் விளையாட்டுவழிக் கற்றலையே கைக்கொண்டுள்ளன. அரசாங்கம் இறக்கி வைத்த சுமையைப் பெற்றோர் ஓடிச்சென்று எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதை என்னென்பது? பள்ளியில் இல்லாத தேர்வை வீட்டில் நடத்துவது அன்பாகுமா, அச்சமாகுமா?

ஆசிரியர்க்கும் சங்கங்கட்கும்

பெற்றோரை மட்டும் குற்றம் கூறி ஒதுங்குவது நேர்மையாகாது. வார இறுதியில் நான்கு பக்கத் தாளை வீட்டிற்கு அனுப்பும் வழக்கத்தை வளர்த்தது யார்? தாள் நிரம்பினால் பாடம் நடந்தது என்று பெற்றோரை நம்பவைத்தது யார்? “இன்று அடுக்களையில் கேட்ட ஐந்து வினைச்சொற்களை வந்து சொல்” என்பதும் வீட்டுப்பாடம்தான். அதைத் திருத்த மை தேவையில்லை, செவி தேவை. அதைக் கொடுக்கும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும்.

தமிழ் அமைப்புகளும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை மேடையேறி, பொருள் ஒன்றும் அறியாமல், மனனம் செய்த குறளையும் சொற்பொழிவையும் ஒப்பிக்கிறது. அவை கைதட்டுகிறது. கோப்பை கொடுக்கப்படுகிறது. மேடையை விட்டு இறங்கிய அப்பிள்ளை தாயிடம் “தண்ணீர் வேண்டும்” என்பதை ஆங்கிலத்தில் கேட்கிறது. யார் வென்றார்கள் அங்கே? மனனம் தீதன்று. மொழி இல்லாத நாவின்மேல் ஏற்றப்படும் மனனமே தீது. ஏப்ரல் மாதந்தோறும் நடக்கும் தமிழ்மொழி விழாவில் மழலையர் போட்டிகளில் சிலவற்றை விட்டுவிட்டு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தமர்ந்து பல்லாங்குழியும் சொல்விளையாட்டும் ஆடும் ஒரு மாலைப்பொழுதை நடத்தினால் விழா குறைந்துவிடாது.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. தம்பி தங்கையருக்கு முதல் ஆசிரியர் அக்காளும் அண்ணனுமே. உயர்நிலைப்பள்ளியில் தமிழ் பயிலும் ஒருவர், நாள்தோறும் பத்து நிமிடம் தம் வீட்டுச் சிறு பிள்ளையோடு தமிழில் விளையாடினால், தாம் கற்ற தமிழும் நிலைக்கும், அப்பிள்ளையின் தமிழும் முளைக்கும். தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் கேட்க வேண்டியதே இல்லை. அவர்கள் நெஞ்சில் உறங்கும் விடுகதைகளையும் ஐந்துகல் ஆட்டத்தையும் எழுப்ப ஒரு பேரப்பிள்ளை அருகில் வந்து அமர்ந்தால் போதும்.

தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் முழங்குவது எளிது. மேசைமுன் அமர்த்தப்பட்ட அந்த நான்கு வயதுச் சிறுவனைக் கைபிடித்து எழுப்பி, அடுக்களைக்கு அழைத்துச் சென்று, தேங்காய் மூடியொன்றை அவன் கையில் கொடுப்பது அதனினும் எளிது. பாதி துருவல் தரையில் சிந்தும். சிந்தட்டும். பெருக்கும்போது ‘பெருக்குதல்’ என்னும் சொல்லையும் அவன் கற்றுக்கொள்வான்.